நாக்குப் புற்றுக்கு 33 நாள் கரண்ட்: மையத்தில் என்ன நடக்கும், எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்

கேள்வி இது: அப்பாவுக்கு 58 வயது, 60 கிலோ எடை, நெடுநாள் வெற்றிலை-புகையிலைப் பழக்கம். நாக்கின் இடது ஓரத்தில் புற்று. ஆபரேஷன் முடிந்து நான்கு வாரம் ஆகிறது. கழுத்து நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிப் பரவியிருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. 33 நாள் கரண்ட், கூடவே வாரம் ஒரு கீமோ என்கிறார்கள். வீட்டிலிருந்து மையம் 70 கிலோமீட்டர். தினமும் பஸ்ஸில் போய் வரலாமா? எந்த மெஷின் உள்ள இடமாகப் பார்ப்பது? வீட்டில் இரண்டு வயதுப் பேரக்குழந்தை இருக்கிறது, ஒதுக்கி வைக்க வேண்டுமா?

குழந்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஒதுக்க வேண்டாம். "கரண்ட் வைக்கிறது" என்று ஊரில் சொன்னாலும் உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. லீனாக் என்ற மெஷின் அதிக ஆற்றலுள்ள எக்ஸ்ரேயைச் சில நிமிடம் பாய்ச்சும். நிறுத்தியதும் அறையிலும் ஒன்றும் இருக்காது, அப்பா உடம்பிலும் ஒன்றும் தங்காது. கோபால்ட் என்ற கதிரியக்கப் பொருளை வைத்து ஓடும் பழைய வகை மெஷினாக இருந்தாலும் நோயாளி கதிரியக்கம் உள்ளவராக மாறுவதில்லை. வீட்டுக்கு வந்ததும் பேரனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். கீமோ ஓடும் வாரங்களில் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளி இருக்கட்டும். அது குழந்தைக்காக அல்ல, அப்பாவுக்காக.

இனி 33 என்ற எண். கிரே என்பது கதிரை அளக்கும் அலகு. நாளுக்கு 2 கிரே வீதம் 33 நாள், மொத்தம் 66 கிரே. சனி, ஞாயிறு விடுமுறை என்பதால் ஒரு திங்கட்கிழமை தொடங்கினால் ஏழாவது வாரம் புதன்கிழமை முடியும். உறை தாண்டாமல் இருந்திருந்தால் பெரும்பாலும் 60 கிரே, 30 நாளோடு முடிந்திருக்கும். உறை தாண்டியிருந்தாலோ, வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமிருந்தாலோ அளவும் கூடும், சிஸ்பிளாட்டின் கீமோவும் சேரும். ஆகவே டாக்டர் சொன்னது வழக்கமான கணக்குதான். யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு 30 நாள்தான் வைத்தார்கள் என்று குழம்ப வேண்டாம்.

ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். நான்கு வாரம் போய்விட்டது. தலையை அசையாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் மாஸ்க் செய்வதிலிருந்து முதல் நாள் சிகிச்சை வரை பொதுவாக ஒரு வாரம் பிடிக்கும். எந்த மையம் என்று யோசிக்க உங்களிடம் இருப்பது சில நாட்கள்தான். மாதக் கணக்கில் தேட நேரமில்லை.

மெஷினைப் பற்றிப் பலரும் கேட்பது விளம்பரப் பலகையில் உள்ள பெயரை வைத்து. வாய், கழுத்துப் புற்றுக்கு உண்மையில் வேண்டியது ஐஎம்ஆர்டி அல்லது விமேட் முறையில் திட்டமிட்டுக் கொடுக்கும் வசதி. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி, உமிழ்நீர்ச் சுரப்பியையும் தண்டுவடத்தையும் ஒதுக்கிவிட்டுச் செலுத்தும் முறை அது. 2011இல் வெளியான பிரிட்டனின் பார்ஸ்போர்ட் ஆய்வில், தொண்டைப் புற்று நோயாளிகளில் ஓராண்டு கழித்துக் கணிசமான வாய் வறட்சி இருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு. கோபால்ட்டில் கதிரின் ஓரம் சற்றுக் கலங்கலாக விழும், சுரப்பியைக் காப்பாற்றுவது கடினம். புற்றை அழிக்கும் வலு அதற்கும் உண்டு. கோபால்ட்டில் உடனே இடம் கிடைத்து, லீனாக்கில் இரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னால், காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் என்ற துகளைச் செலுத்தும் மையம் சென்னைத் தரமணியில் 2019 முதல் இருக்கிறது. அப்பாவின் நிலைக்கு அதற்காக ஓட வேண்டிய தேவை பொதுவாக இல்லை.

மெஷின் பெயரை விட இந்த நான்கைக் கேளுங்கள். மெஷின் பழுதானால் இரண்டாவது மெஷின் இருக்கிறதா, அல்லது சனிக்கிழமை வைத்து ஈடுகட்டுவார்களா? வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதுவது யார்? டயட்டீஷியன் தினமும் இருக்கிறாரா, கேட்டால்தான் வருவாரா? இரவு பத்து மணிக்கு வாந்தி நிற்கவில்லை என்றால் எந்த எண்ணுக்குப் பேசுவது? இந்த சிகிச்சையில் தோற்பவர்கள் பலர் மெஷினால் தோற்பதில்லை. நடுவில் நாள் விட்டுப்போவதாலும் எடை கரைவதாலும் தோற்கிறார்கள்.

முன்னேற்பாட்டில் முதலில் பல். கீழ்த்தாடை எலும்புக்கு இவ்வளவு கதிர் பட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு. சொத்தைப் பல், ஆடும் பல் எல்லாவற்றையும் முன்பே எடுக்க வேண்டும். எடுத்த புண் ஆற 10 முதல் 14 நாள் வேண்டும். பல சமயம் ஆபரேஷன் மேஜையிலேயே பிடுங்கிவிடுவார்கள். அப்படிச் செய்யவில்லை என்றால் நாளைக்கே பல் மருத்துவரிடம் காட்டி, ஓபிஜி என்ற தாடை முழுமைக்கான எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் பற்களைச் சுத்தம் செய்து ஃபுளோரைடு ஜெல் எழுதித் தருவார்கள். கழுத்தில் மூச்சுக்குழாய்த் துளை போட்டு உலோகக் குழாய் வைத்திருந்தால் மாஸ்க் செய்வதற்கு முன் பிளாஸ்டிக் குழாயாக மாற்றச் சொல்லுங்கள்.

மாஸ்க் செய்யும் நாளில் தாடியை மழித்துவிட்டுப் போகவேண்டும். தாடியின் மேல் அச்சு எடுத்துவிட்டுப் பிறகு மழித்தால் மாஸ்க் லூசாகிவிடும். மோல்ட் ரூமில் அப்பாவைக் கெட்டியான பலகைமேல் மல்லாக்கப் படுக்க வைத்து, கழுத்தின் வளைவுக்குப் பொருந்தும் தலையணை தேடுவார்கள். ஓட்டை ஓட்டையாக உள்ள வெள்ளை பிளாஸ்டிக் தகட்டை 65-70 டிகிரி வெந்நீரில் போட்டால் சில நிமிடத்தில் தோசை மாவு ஆடை போலத் துவண்டுவிடும். தண்ணீரை ஒற்றி எடுத்து, இரண்டு பேர் இருபுறமும் பிடித்து முகத்தின் மேல் இழுத்து தோள் வரை கொண்டுபோய்ப் பலகையில் மாட்டுவார்கள். சூடான ஈரத்துணி போட்டது போலத்தான் இருக்கும், சுடாது. மூக்குத் தண்டு, மோவாய், புருவ மேடு மூன்றையும் விரலால் அழுத்தி அழுத்தி அச்சு பிடிப்பார்கள், ஏனென்றால் தலை நகராமல் நிற்பது அந்த மூன்று இடத்தில்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும். மூச்சு ஓட்டை வழியாகத் தாராளமாக வரும். பயம் வந்தால் கையைத் தூக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். கிளிப்பைத் தட்டினால் சில வினாடியில் மாஸ்க் கையோடு வந்துவிடும்.

அதே படுக்கையிலேயே சி.டி. ஸ்கேன். மாஸ்க் மேல் ஒட்டிய சிறு ஈயக் குண்டுகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அவைதான் பிற்பாடு அளவுக் குறி. தினமும் பொருத்திப் பார்க்கும் கோடுகளும் மாஸ்க் மேல்தான். மார்பு, வயிற்றுப் பகுதி நோயாளிகளைப் போலத் தோலில் போட்ட கோட்டை அழியாமல் காப்பாற்றும் தொல்லை அப்பாவுக்கு இல்லை.

பிறகு நான்கைந்து நாள் உங்களைக் கூப்பிட மாட்டார்கள். சும்மா இழுத்தடிக்கிறார்கள் என்று நினைக்கும் நாட்கள் இவை. உள்ளே டாக்டர் 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள ஒவ்வொரு சி.டி. படத்திலும் கதிர் போக வேண்டிய இடத்தையும் போகக் கூடாத இடத்தையும் கையால் வரைவார். பிறகு மருத்துவ இயற்பியலாளர், மையத்தில் எல்லோரும் பிசிசிஸ்ட் என்பவர், கணினியில் திட்டம் போடுவார். தண்டுவடத்துக்கு 45 கிரேயைத் தாண்டக் கூடாது, காதோரச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்குள் நிற்க வேண்டும் என்பது போன்ற எல்லைகள். திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டதும் அதை மனிதர் இல்லாமல் ஒரு அளவுக் கருவிமேல் ஓட்டிப் பார்ப்பார்கள். கணினி சொன்ன அளவும் கருவி காட்டும் அளவும் 95 சதவீதத்துக்கு மேலான புள்ளிகளில் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் காரணம் தெரியும்வரை உங்களை அழைக்க மாட்டார்கள், அழைக்கவும் கூடாது. அவசரப்படுத்தி வாங்கக் கூடாத நாட்கள் இவை.

சிகிச்சை நாள் ஒவ்வொன்றும் சாதாரணமாகவே போகும். அறைக்குள் 12 முதல் 15 நிமிடம். அதில் கதிர் பாய்வது மூன்று நான்கு நிமிடம்தான். மாஸ்க் மாட்டி, சுவரிலிருந்து வரும் லேசர் கோட்டோடு குறியைப் பொருத்தி, மெஷினிலேயே ஒரு சி.டி. எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, மில்லிமீட்டர் கணக்கில் மேஜையை நகர்த்துவார்கள். டெக்னீஷியன் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்துவார். கேமரா, மைக் இரண்டும் உண்டு. வலி, சூடு எதுவும் தெரியாது. முதல் வாரம் முடியும்போது "இவ்வளவுதானா" என்று அப்பா சொல்வார். அதை நம்பி ஏமாந்துவிடாதீர்கள்.

கீமோ வாரம் ஒரு நாள், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் கணக்கு. அப்பா உடம்புக்கு ஏறக்குறைய 65 மில்லிகிராம் வரும். சிறுநீரகத்தைக் காக்க முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றுவார்கள், அரை நாள் போய்விடும். ஒவ்வொரு முறைக்கும் முந்தைய நாள் ரத்த அணு எண்ணிக்கை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். காதில் இரைச்சல் வந்தால், சிறுநீர் குறைந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும்: ரத்த அணு குறைவு, இந்த வாரம் கீமோ இல்லை என்பார்கள், வீட்டார் அதைக் கரண்டும் இல்லை என்று எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். கீமோ தள்ளிப்போகலாம். கரண்ட், டாக்டர் வாயால் நிறுத்தச் சொன்னால் தவிர, அன்றும் உண்டு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிகிச்சை நடுவே தப்பிப் பிழைத்த புற்று அணுக்கள் மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு வேகமாகப் பெருகும். தலை-கழுத்துப் புற்றில் மொத்தக் காலம் ஒரு நாள் நீண்டால் புற்று கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 முதல் 1.4 சதவீதம் குறையும் என்பது பல ஆய்வுகள் சேர்ந்து தரும் கணக்கு. ஒரு வாரம் விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பொங்கல், தீபாவளி நடுவில் வருகிறதா என்று முதல் நாளே காலண்டரை வைத்துக் கேளுங்கள். விட்டுப்போன நாளைச் சனிக்கிழமை வைத்தோ, ஒரே நாளில் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை வைத்தோ சரிக்கட்டலாம். கடைசியில் சேர்த்து நீட்டுவது ஈடாகாது.

இரண்டாவது வாரக் கடைசியில் ருசி போகும், எச்சில் பசைபோல ஆகும். மூன்றாவது வாரத்தில் வாய்க்குள் சிவந்து, பிறகு வெள்ளைப் படலத்தோடு புண்ணாகும். நான்கு, ஐந்தாவது வாரத்தில் கடுமையாகும். "போதும், இனி வரமாட்டேன்" என்று பெரும்பாலானவர்கள் சொல்வது அப்போதுதான். வாய் கொப்பளிப்பதை முதல் நாளிலேயே தொடங்குங்கள்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, அரை டீஸ்பூன் உப்பு. தினமும் புதிதாகக் கலந்து, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை. கடையில் விற்கும் காரமான மவுத்வாஷ் வேண்டாம், அதில் ஆல்கஹால் இருந்தால் தீயாய் எரியும். எரிச்சல் திடீரென இரண்டு மடங்கானால், வெள்ளைத் திட்டு பாலாடை போல ஒட்டியிருந்தால், பூஞ்சையாக இருக்கலாம். மருந்து கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் நன்றாகக் குறையும். கதிரால் வந்தது, சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

வலி மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுங்கள். மார்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள். புண் ஆறியதும் குறைத்து நிறுத்திவிடுவார்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், மலமிளக்கியையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

கழுத்துத் தோல் கருத்து உரியும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் தடவ வேண்டாம். பிளேடு போட வேண்டாம். காலர் இல்லாத பருத்திச் சட்டை, வெயிலுக்கு மெல்லிய துண்டு. மையத்தில் சொல்லும் கிரீமைச் சிகிச்சை முடிந்து வந்த பிறகு பூசுங்கள்.

எடைதான் வீட்டார் கையில் இருக்கும் பாதி சிகிச்சை. 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 1800 கலோரியும் 72 கிராம் புரதமும் வேண்டும். நம் வீடுகளில் உடம்புக்கு முடியாதவருக்குக் கொடுப்பது கஞ்சித் தண்ணீர், ரசம், பருப்புத் தண்ணீர், இளநீர். வயிறு நிறையும், கலோரி சேராது. ஒரு கணக்கு சொல்கிறேன்: 200 மில்லி பாலில் 25 கிராம் சத்துமாவைக் காய்ச்சி, ஒரு டீஸ்பூன் எண்ணெய், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை சேர்த்தால் சுமார் 300 கலோரி. அப்படி ஆறு வேளை. கூடவே மூன்று வெந்த முட்டை வெள்ளைக்கருவும் 20 கிராம் பொரிகடலை மாவும் எப்படியாவது உள்ளே போனால் புரதக் கணக்கும் ஏறக்குறைய முடிந்துவிடும். தண்ணீர் தனியாக ஒன்றேகால் லிட்டராவது. சர்க்கரை நோய் இருந்தால் டயட்டீஷியன் இதை மாற்றித் தருவார்.

வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்தாலோ, ஒரு நாள் முழுக்க ஒரு லிட்டர் கூட இறங்கவில்லை என்றாலோ மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் ட்யூப் போட ஒத்துக்கொள்ளுங்கள். "ட்யூப் போட்டால் கதை முடிந்தது" என்ற பேச்சினால் பத்து நாள் தள்ளிப்போட்டு, ஐந்து கிலோ இழந்த பிறகு போடுகிறார்கள். அதற்குள் கன்னம் வற்றி மாஸ்க் ஆட ஆரம்பித்திருக்கும். உள்ளே தலை நகர்ந்தால் கதிர் தண்டுவடப் பக்கம் சாயலாம். புது மாஸ்க், புது சி.டி., புதுத் திட்டம் என்று மறுபடி முதலிலிருந்து. ட்யூப்பில் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30-45 டிகிரி உயர்த்தி, மூக்கு ஓரத்தில் உள்ள அளவுக் குறி இடம் மாறவில்லை என்று பார்த்து, கஞ்சியைப் பொடிக்கண் வடிகட்டியில் வடித்து, சிரிஞ்சிலிருந்து தானாக இறங்க விடுங்கள். தள்ளாதீர்கள். முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். அடைத்துக்கொள்வது பெரும்பாலும் சரியாகப் பொடிக்காத மாத்திரையாலும் ராகிக் கட்டியாலும்தான். ட்யூப் வெளியே வந்துவிட்டால் வீட்டில் திரும்பச் செருகவே கூடாது. ட்யூப் இருந்தாலும் வாயால் கொஞ்சமாவது தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். விழுங்கும் தசை ஓய்வெடுத்தால் மறந்துவிடும்.

வாய் திறப்பதையும் அப்படியே. குச்சி ஐஸ் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். ஒரு குச்சி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். 17-18 குச்சிக்குக் கீழே போனால் தாடை இறுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நாளுக்கு ஏழு வேளை, வேளைக்கு ஏழு முறை, முறைக்கு ஏழு வினாடி திறந்து பிடிப்பது பல மையங்களில் சொல்லித்தரும் பயிற்சி. வெற்றிலை போட்டவர்களுக்கு வாய் ஏற்கெனவே இறுகியிருக்கும் என்பதால் அப்பாவுக்கு இது கூடுதல் அவசியம். புகையிலையை அவர் இன்னும் ஒளித்துவைத்துப் போடுகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது மூன்றாவது வாரத்தில்தான் தெரியவருகிறது.

பஸ் கேள்விக்கு வருவோம். முதல் இரண்டு வாரம் 70 கிலோமீட்டர் போய் வரலாம். மூன்றாவது வாரத்திலிருந்து மையத்துக்குப் பக்கத்தில் தங்கிவிடுங்கள். போக வர நான்கு மணி நேரத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு போய்விடும், வாந்தி வந்தால் பஸ்ஸில் ஒன்றும் செய்ய முடியாது. நோயாளியும் துணையும் தங்க இடம் இருக்கிறதா, சமைத்துக்கொள்ள அடுப்பு உண்டா என்று மையத்தின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். மருத்துவரிடம் கேட்டால் தெரியாத விவரமெல்லாம் அவரிடம் இருக்கும். ரயில் வசதி உள்ள ஊரென்றால் புற்றுநோயாளிக்கான சலுகைப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள்: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு 75 சதவீதம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றோடும் சிகிச்சை தொடங்கும் முன்பே காப்பீட்டு மேசைக்குப் போங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் கணக்கு ஓடும். ஆபரேஷனுக்கு ஏற்கெனவே எவ்வளவு எடுத்திருக்கிறார்கள், மீதி எவ்வளவு என்பதையும் அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.

உடனே மையத்துக்கு ஓட வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாயிலிருந்து நிற்காத ரத்தம், மூச்சில் சத்தம், தண்ணீர்கூட இறங்காத வாந்தி.

கடைசி நாள் இனிப்புக் கொடுத்துவிட்டு வருவார்கள். அடுத்த ஒன்றிரண்டு வாரம் புண் இன்னும் கூடும், அதற்கும் தயாராக இருங்கள். ட்யூப்பை உடனே எடுக்கச் சொல்லாதீர்கள். வாய்ப்புண் ஆற ஆறு முதல் எட்டு வாரம், ருசி திரும்பச் சில மாதம். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கொரு முறை பரிசோதனை; ஆறு மாதம் அல்லது ஆண்டுக்கொரு முறை டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை, ஏனென்றால் கழுத்தில் பட்ட கதிரால் தைராய்டு மெல்லச் சோர்ந்துபோகும். சோர்வு, உடல் பருத்தல், குரல் தடித்தல் எல்லாவற்றையும் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். டிஸ்சார்ஜில் எத்தனை கிரே, எத்தனை நாள், எந்தப் பக்கத் தாடை என்று எழுதிய தாளைத் தருவார்கள். அதை நான்கைந்து நகல் எடுத்து ஒன்றை அப்பாவின் பர்ஸிலேயே வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்துப் பல்வலி என்று அவர் தனியாக ஏதோ கிளினிக்கில் போய் உட்கார்ந்தாலும், பல் டாக்டர் குறடை எடுப்பதற்கு முன் அந்தத் தாள் அவர் மேசைமேல் இருக்க வேண்டும்.